தோற்றவர் ஏறும் நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் ஸ்குவாஷ் சங்கத் தலைவர் அவர்களே, பெற்ற மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயார் வில்மா க்வாமினா அவர்களே, ஜார்ஜ்டவுன் பெருமக்களே! நான் பார்படோஸ்காரி, ஆல்மா இயர்வுட். இதே அரங்கில் நான் பந்தைத் தவறவிட்டபோதெல்லாம் கைதட்டி மகிழ்ந்தவர்கள் நீங்கள். இன்று என் கையில் ஒலிவாங்கியைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கிறீர்கள். யோலண்ட் க்வாமினா இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரால் எனக்குச் சொல்ல முடியும்?

கரீபிய வாகையர், கயானாவின் பெருமை என்று தலைவர் சொன்ன பட்டங்கள் அத்தனையும் உண்மை. ஆனால் சிறுவயதிலிருந்து என்னை ஓட ஓட விரட்டியவளை 'அவள்' என்று சொன்னால்தான் எனக்குப் பேச்சு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்டத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தோற்றவர் மட்டையை வைத்துவிட்டு, ஆடுகளத்துக்கு மேலிருக்கும் மாடியேறி, அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும். இளையோர் போட்டிகளில் யோலண்டிடம் தோற்றுத் தோற்றே நான் நல்ல நடுவரானேன். "அந்த நாற்காலியில உன் பேர எழுதி வைக்கச் சொல்லவாடி?" என்பாள். வாய்க்கொழுப்பு என்றால் அப்படியொரு வாய்க்கொழுப்பு. ஆனால் ஆட்டம்? மழைக்காலத்தில் பந்து மோதும் களத்துச் சுவர் வியர்த்துப் பந்து வழுக்கும்போது நாங்களெல்லாம் தடுமாறுவோம். அவளோ, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் பந்தை மூலையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

பிறகு இங்கிலாந்து போனாள். பகலில் ஒரு கிளப்பில் மற்றவர்களின் மட்டைகளுக்கு நரம்பு கட்டினாள், மாலையில் ஆடினாள். தகுதிச் சுற்றில் தோற்றாள், மறுபடியும் தோற்றாள். "இங்க குளிர்ல பந்து செத்துக் கிடக்குது. நான்தான் அடிச்சு அடிச்சு உயிர் கொடுக்குறேன்" என்று போனில் சிரித்தாள். சிரித்தபடியே ஜெயிக்கத் தொடங்கினாள்.

அப்படி ஏறிவந்த காலத்தில்தான் கரீபியப் போட்டிக்காக ஊர் திரும்பினாள். முழங்கால் வீங்கியிருந்தது. இறுதி ஆட்டத்தில் நான் அவளை வென்றேன். என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை! அன்று இரவே அவள் விமானம் ஏற வேண்டும். தகுதிச் சுற்று இல்லாமல் ஒரு பெரிய போட்டியில் நேரடி இடம் முதன்முதலாகக் கிடைத்திருந்தது. வாசலில் கார் நின்றது.

ஆனால் காலையில் மின்சாரம் போனதால் தள்ளிப்போன சிறுமியர் ஆட்டம் ஒன்று பாக்கி. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். யோலண்ட் முழங்காலில் பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி மாடியேறினாள்.

"பைத்தியமாடி உனக்கு? விமானம் போயிடும்" என்றேன்.

"போகட்டும். இந்தப் பிள்ளைங்க தூரத்துல நியூ ஆம்ஸ்டர்டாம் ஊருக்குப் போகணும். கடைசி மினிபஸ் போயிட்டா யாரு கொண்டுவிடுவா?"

"நான் உட்கார்றேன், நீ கிளம்பு."

"நீ ஜெயிச்சவ. கீழ இறங்கு."

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே நின்று, அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறுமிகளுக்கு மினிபஸ் கிடைத்தது. அவளுடைய விமானம் போனது, போட்டி போனது, தரவரிசை சரிந்தது. மீண்டும் தகுதிச் சுற்று, மீண்டும் தோல்வி. அங்கிருந்து எழுந்து உலகின் முதல் இருபது பேருக்குள் வந்து நின்றாளே, எப்படி முடிந்தது? எங்கிருந்து வந்தது அந்த பலம்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த விமானத்தைப் பற்றி அவள் ஒருநாளும் குறைபட்டதுமில்லை.

பெருமக்களே, நாளை இங்கே தொடங்கவிருந்த சிறுவர் போட்டியைத் துக்கத்துக்காகத் தள்ளிவைக்கலாமா என்று சங்கம் கேட்டது. "என் மக கேட்டா திட்டுவா" என்றார் தாயார். அவர் சொன்னதே சரி. நோயிடம் நாம் யோலண்டைத் தோற்றுவிட்டோம். இந்த அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் தோற்றிருக்கிறோம். தோற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நாளைக் காலை முதல் ஆட்டத்துக்கு நான் மாடியேறுகிறேன். அந்த நாற்காலி எனக்குப் பழகியதுதான். அடுத்த ஆட்டத்துக்கு யார் ஏறுகிறீர்கள்?