அவருக்கு மட்டும் எகிறும் பட்டை

...இதுல தங்கத்தைக் குத்தம் சொல்றதா, என்சைமைக் குத்தம் சொல்றதா, நீங்களே சொல்லுங்கக்கா. ஸ்குரூடிரைவர்தானே, தரேன், உக்காருங்க. நீங்க மாடிக்குக் குடிவந்ததுலேர்ந்து ஒரு நாளாவது உக்காந்து பேசியிருக்கோமா?

இதோ, இந்தப் பட்டைதான். நகத்தகலம்கூட இல்ல. இதுல கண்ணுக்கே தெரியாத நானோ தங்கத்துகள், அது மேல என்சைம். என்சைம்னா... பிடிவாதக்காரக் குழந்தைன்னு வெச்சுக்குங்க. எத்தனை பேர் கூப்பிட்டாலும் அம்மாகிட்டதான் போகும். அதுமாதிரி, ரத்தத்துல என்ன இருந்தாலும் இது சக்கரையத்தான் போய்ப் பிடிக்கும். பிடிச்சா கரண்ட் வரும், தங்கம் அதைக் கடத்தும். கரண்ட் கூடினா சக்கரை கூட. அவ்வளவுதான். இதுக்குத்தான் ஆய்வுக்கூடத்துல உயிரை விடறேன்.

எனக்குச் சரியாக் காட்டுச்சு. மாமியாருக்குச் சரி, வாட்ச்மேனுக்குச் சரி. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் எகிறுது. டாக்டர் சொன்னதுலேர்ந்து சக்கரையத் தொட்டதே இல்லைங்கறார் மனுஷன். கடையில வாங்கின மெஷினும் அவருக்குச் சக்கரை அதிகம்னுதான் காட்டுச்சு, அது பழசுன்னுட்டார். கட்டினவர் பொய்யா சொல்வார்? அதனால என்சைமைக் குறைச்சேன், தங்கத்தைக் குறைச்சேன், கணக்கை மாத்தினேன், அவருக்கு நார்மல் வர்ற வரைக்கும் விடலியே. வந்துடுச்சு. இப்ப என்னடான்னா, வாட்ச்மேன் சக்கரை இறங்கி மயக்கம் போட்டு விழுந்திருக்கணும்ங்குது. அவர் பாட்டுக்கு கேட்ல நின்னு விசிலடிக்கறார்.

நாளைக்குச் சாயந்தரம் கைடு முன்னாடி போட்டுக் காட்டணும். தப்பா வந்தா இந்த ஆராய்ச்சிய வேற பொண்ணுகிட்ட குடுத்துடுவேன்னுட்டார். அவ இப்பவே என் மேஜைய அளவெடுத்துக்கிட்டிருக்கா.

என்னக்கா, முழிக்கறீங்க?

யாரு, எங்க வீட்டுக்காரரா? செஸ் ஆட உங்க வீட்டுக்கு வரார்னு தெரியும்... டீயா? தெனமுமா? எத்தனை ஸ்பூன்?

...மூணு.

அப்ப பட்டை சரியாத்தான் சொல்லியிருக்கு. நாந்தான் உக்காந்து அதுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்திருக்கேன்.

அட, ஏன் எழுந்துக்கறீங்க, உங்க மேல என்ன கோவம்? மாத்தறதுக்கு முன்னாடி செஞ்ச பட்டை கொஞ்சம் ஃபிரிட்ஜ்ல கிடக்கு, நல்லவேளை. ஆனா, சக்கரை கூடின ஆள் ஒருத்தரையும் கூட்டிட்டு வரச் சொன்னார் கைடு. கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன் பாருங்க.

அக்கா, கதவுகிட்டப் போயிட்டீங்களே, இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே டீ போட்டுடுங்க. அதே மூணு ஸ்பூன். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. குடிச்ச கையோட அவரைக் கூட்டிட்டுப் போயிடறேன்.

நாளன்னிலேர்ந்து வெறும் தண்ணி குடுங்க, போதும்.