விரல் நீளத்தில் நறுக்கிய ஈரல்

என் பெயர் ஷைலா. வயது முப்பத்தொன்பது. கணவர் பெயர் சரத். கோலார் தங்கவயல், மைசூர் மைன்ஸ் பகுதியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறமுள்ள சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆகவே நான் தமிழில் சொல்வதைத் தமிழ் தெரிந்த ஏட்டு ஒருவர் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்.

நான் நாய், பூனைகளுக்குப் பச்சைக் கறி பாக்கெட் போட்டு விற்கிறேன். இந்தத் தொழிலுக்கு நான் வந்த விதம் என்னவென்றால், எங்கள் நாய் ஜிம்மிக்கு முடி கொட்டி உடம்பெல்லாம் புண் வந்தது. என் கணவர் பெங்களூரில் ஒரு வீட்டில் டிரைவராக இருக்கிறார். அந்த வீட்டு அம்மா தன் நாய்களுக்கு வேகவைக்காத கறியும் எலும்பும்தான் கொடுப்பதாகச் சொல்லி, எங்களையும் அப்படியே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நான் கால்நடை ஆஸ்பத்திரி மருந்தையும் போட்டேன், பச்சைக் கறியும் கொடுத்தேன். புண் ஆறியது. மருந்தால் ஆறியதா, கறியால் ஆறியதா என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் கறியால்தான் என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு வர, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கோழிக் கழுத்து, ஈரல், ஆட்டு மண்ணீரலான சுவரொட்டி வாங்கி வந்து, எலும்போடு மிஷினில் அரைத்து, பாக்கெட் கட்டி ஃப்ரீசரில் வைத்து விற்க ஆரம்பித்தேன்.

எங்கள் லைனில் இது பலருக்குப் பிடிக்கவில்லை. குழாயடியில் பெண்கள், "பச்ச ரத்தம் துன்ற நாயி ஒருநாள் புள்ளய இழுத்துக்கினு போவும் பாரு" என்று என் காதில் விழும்படியே பேசுவார்கள். ஜிம்மியை எப்போதும் கட்டித்தான் வைத்திருப்பேன். இருந்தும் என் வீட்டைத் தாண்டும்போது பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

எல்லாருக்கும் நான் அரைத்த கறிதான் கொடுப்பேன். ஒருவருக்கு மட்டும் அரைக்காமல் கொடுத்து வந்தேன். அவர் அடுத்த லைனில் இருக்கும் முனுசாமி. சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மங்கம்மா வளர்த்த பூனை அரைத்ததைத் தொடாது என்று சொன்னதால், அவருக்காக ஆட்டு ஈரலை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுப்பேன். மங்கம்மா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். காய்ச்சல் என்று முனுசாமி சொன்னார். நானும் சாவுக்குப் போயிருந்தேன். அதன் பிறகும் அவர் ஈரல் வாங்குவதை நிறுத்தவில்லை. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

போன மாதம் பழைய சுரங்க ஷாஃப்ட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு தெருநாய் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. அதன் பிறகு இன்னொன்று. அதன் பிறகு குட்டி போட்டிருந்த ஒரு பெட்டை. செத்த நாய்கள் வாந்தி எடுத்த இடத்தில் கறித்துண்டு கிடந்ததாகப் பேசிக்கொண்டார்கள். லைனில் பச்சைக் கறி வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். யாரும் என் முகத்துக்கு நேராக எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும்.

எனக்கும் ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் வந்தது. மார்க்கெட்டில் எனக்குக் கறி போடுகிறவர் கெட்டுப்போனதைத் தள்ளிவிடுகிறாரோ என்று நினைத்தேன். குப்பை வண்டிக்காரர்கள் நாய்களுக்கு ஏதாவது வைத்திருப்பார்களோ என்று நினைத்தேன். என் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பதால், நான் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும்போது யாராவது நுழைந்து பாக்கெட்டில் எதையாவது கலக்கிறார்களோ என்றுகூட நினைத்துப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

அதன் பிறகு சென்ற சனிக்கிழமை உமேஷ் என்பவரின் நாய் செத்தது. உமேஷ் எங்கள் லைன்காரர், செல்போன் கடை வைத்திருக்கிறார். அவர் நாய்க்கும் என்னிடம்தான் பாக்கெட் வாங்குவார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பத்துப் பதினைந்து பேரோடு என் வீட்டுக்கு வந்து, "இன்னாத்தக் கலந்து குட்த? நேத்து உன் பாக்கெட் துன்னுதான் போச்சி" என்று சத்தம் போட்டார். நான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவரோடு வந்தவர்கள் உள்ளே நுழைந்து, ஃப்ரீசர் மூடியைப் பிடுங்கி, பாக்கெட்டுகளை எல்லாம் வாரிச் சாக்கடைக் கால்வாயில் கொட்டினார்கள். தடுக்கப் போன என் கணவரைத் தள்ளியதில் அவர் வாசற்படியில் விழுந்து முழங்கையில் அடிபட்டார். கறி அரைக்கும் மிஷினைத் தெருவில் போட்டு உடைத்தார்கள்.

அவர்கள் போன பிறகு என் கணவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி, "ஷைலா, நீ ஒண்ணும் கலக்கல இல்ல?" என்று கேட்டார். வாசலுக்கு வந்து நின்றேன்.

அப்போது தெருநாய்கள் கால்வாயில் இறங்கிப் பாக்கெட்டுகளைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தன. முதலில் விரட்டலாம் என்று ஒரு கல்லை எடுத்தேன். அதன் பிறகு கல்லைக் கீழே போட்டுவிட்டேன். என் கறியில் ஏதாவது இருந்தால் இப்போது தெரிந்துவிடும் என்று தோன்றியது. அப்படி நினைத்தது எனக்கே கஷ்டமாக இருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று வீட்டில் சமைக்கவும் இல்லை. அந்த நாய்கள் தின்று முடித்து, ஒன்றை ஒன்று துரத்தி, பிறகு எதிர்வீட்டு நிழலில் படுத்துத் தூங்கின. மாலையில் பால் வண்டி வந்தபோது எழுந்து குரைத்தன. ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை. இதை லைனில் வேறு யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை நான் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். உமேஷ் தன் நாயை அங்கே அறுத்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். டாக்டர் எனக்கு முதலில் விவரம் சொல்ல விரும்பவில்லை. நான் கெஞ்சிக் கேட்ட பிறகு, வயிற்றில் பூச்சிமருந்து வாடை அடித்தது என்றும், சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். வயிற்றில் இருந்தது அரைத்த கறியா என்று கேட்டேன். அவர், "இல்ல, ஈரல். இத்தன நீளம் இருக்கும்" என்று தன் விரலைக் காட்டினார்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை. ஈரல் மார்க்கெட்டில் யாருக்கும் கிடைக்கும், கத்தி எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் என் கால் என் வீட்டுக்குப் போகவில்லை.

முனுசாமி வீட்டில் இருந்தார். "வாம்மா, ஒக்காரு. உன் வூட்டாண்ட இன்னாவோ கலாட்டா ஆச்சின்னாங்களே" என்று சொல்லி நாற்காலி போட்டார். நான் உட்கார்ந்து, "பூன எங்க மாமா?" என்று கேட்டேன். வெளியே போயிருக்கிறது என்றார். பூனைக்குச் சோறு வைக்கும் அலுமினியத் தட்டு அடுப்பு மேடைக்குக் கீழே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

நான், "சரி, வரட்டும். பாத்துட்டே போறேன்" என்றேன். அவர் டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். கடைசியில், "பூன இல்லம்மா. நாயிங்க கிழிச்சிப் போட்ருச்சிங்க" என்றார்.

அதன் பிறகு அவராகவே சொன்னார். மங்கம்மா தெருநாய்களுக்கு மிச்சச் சோறு போடுவார். ஒருநாள் ஏதோ ஒரு நாய் கணுக்காலில் கடித்துவிட்டது. முனுசாமி திட்டுவார் என்று பயந்து, சுண்ணாம்பு தடவி, புடவையால் மறைத்துக்கொண்டு அவரிடமும் சொல்லவில்லை. ஊசியும் போடவில்லை. சில மாதம் கழித்து டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் அலற ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். "என்னயே யாருன்னு தெரியாம கடிக்க வந்துச்சிம்மா. நாப்பது வருசம் கூட வாழ்ந்தவ" என்றார். உண்மையைச் சொன்னால் பிணத்தைத் தொட ஆள் வரமாட்டார்கள் என்று காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பூனையையும் பின்வாசலிலேயே நாய்கள் கொன்றுவிட்டன. பூதிகோட்டையில் தக்காளி பயிர் வைத்திருக்கும் உறவினர் வீட்டிலிருந்து பூச்சிமருந்து கொண்டு வந்ததாகவும், காலையில் நடக்கப் போகும்போது பையில் ஈரல் துண்டுகளை எடுத்துப் போய் மைதானத்து ஓரத்தில் வைப்பதாகவும் சொன்னார். உமேஷின் நாய் அவிழ்ந்து வரும் என்று தான் நினைக்கவில்லை என்றும் சொன்னார்.

நான், "என்னய அடிக்க வந்தாங்களே மாமா, அப்பகூட நீங்க வாய தொறக்கலயே" என்று கேட்டேன். நீங்களே ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவர், "காலைல சவரம் பண்ணிக்கினு வரேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே போலாம்" என்றார். நான் நம்பி வந்துவிட்டேன். வீட்டில் என் கணவரிடமும் சொல்லவில்லை. எனக்கு முனுசாமி மேல் கோபமாக இருந்ததா பாவமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஏதாவது செய்துகொண்டாரோ என்று பயந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆள் இல்லை. நான் திரும்பி வருவதற்குள் போலீஸ்காரர் இருவர் என் வீட்டு வாசலில் நின்றார்கள். ஸ்டேஷனுக்கு வந்து பார்த்தால் முனுசாமி எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருந்தார். காதோரத்தில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. ஷைலாவிடம் வாங்கிய ஈரலில் மருந்து வாடை அடித்தது, அதனால் தூக்கிப் போட்டுவிட்டேன், அதை நாய்கள் தின்றிருக்கலாம் என்று அவர் சொல்லியிருப்பதாக இன்ஸ்பெக்டர் ஐயா என்னிடம் சொன்னார்.

அது பொய் என்றேன். இன்ஸ்பெக்டர் ஐயா அவரைக் கூப்பிட்டு, என் முன்னால் அதையே மறுபடி சொல்லச் சொன்னார். அவர் எழுந்து வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நான், "சொல்லுங்க மாமா. எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் காதோரத்து நுரையைத் துடைத்தார். அதன் பிறகு, "இந்தப் பொண்ணு கறில ஒண்ணும் இல்ல சார். நாந்தான் வெச்சேன். பயந்துக்கினு மாத்திச் சொல்லிட்டேன்" என்றார். எதற்காக இத்தனை நாய்களுக்கு வைத்தாய் என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். அதற்கு அவர், "அவளக் கடிச்சது எதுன்னு எனக்குத் தெரியல சார். அதான் எல்லாத்துக்கும் வெச்சேன்" என்றார்.

அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "இன்னிக்குக் காலைலயும் வெச்சிட்டுத்தாம்மா வந்தேன்" என்றார்.

உடனே இரண்டு போலீஸ்காரர்கள், முனுசாமி, நான் என நான்கு பேரும் ஜீப்பில் மைதானத்துக்குப் போனோம். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்திய பிறகு, முனுசாமி வைத்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். வேலி ஓரத்துப் புதர், உடைந்த சிமென்ட் குழாய், பந்து போய் விழும் பள்ளம். போலீஸ்காரர் கையுறை போட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து டப்பாவில் போட்டார். எல்லாம் நான் நறுக்கிய துண்டுகள்தான், என் வெட்டு எனக்குத் தெரியும். கடைசியாக ஒரு வேப்பங்கன்றின் அடியைக் காட்டி, "இங்க ஒண்ணு வெச்சேன்" என்றார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து சருகை எல்லாம் இரண்டு கையாலும் தள்ளித் தேடினார். நானும் தேடினேன். நாய் தின்றிருந்தால் பக்கத்தில் எங்காவது கிடக்கும் என்று சுற்றிலும் பார்த்தோம். எந்த நாயும் கிடக்கவில்லை. பிள்ளைகளைக் கேட்டதற்கு யாரும் எதையும் எடுக்கவில்லை என்றார்கள். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரம்வரை அந்த ஒரு துண்டு கிடைக்கவில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டதற்கு நான் சொல்வது: என் வீட்டில் நுழைந்து பொருளை உடைத்தவர்கள் மேல் நடவடிக்கை எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மைதானத்துக்கு ஆள் போட்டு, எந்தப் பிள்ளையும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லைன் லைனாக மைக்கில் சொல்ல வேண்டும். நான் சொன்னால் என் பேச்சை அங்கே யாரும் நம்பமாட்டார்கள்.

ஏட்டு இதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், சந்தேகப்பட்டதைச் சந்தேகமாகவும் சொல்லியிருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ இதைச் சொல்லவில்லை. இவை அனைத்தும் உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ச. ஷைலா