ஐந்தாம் படி

ஒரு சான்றிதழில் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஓரம். சுற்றிலும் ஒன்றரை அங்குலமாவது வெறுமையாக விட வேண்டும். பலருக்கு இது வீணாகத் தெரியும். கல்யாணப் பத்திரிகையைப் போல விளிம்புவரை கொடியும் பூவும் கேட்பார்கள். ஆனால் பெயரைச் சுற்றி இடம் இருந்தால்தான் பெயருக்கு மரியாதை.

சப்-இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் நேற்று என் வீட்டுக்கு வந்தபோது கண் டாக்டர் கடிதத்தைப் பற்றி மட்டும் எழுதித் தரச் சொன்னீர்கள். சான்றிதழிலிருந்து தொடங்காமல் அந்தக் கடிதத்தை விளக்க எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் சவரி. தருமபுரியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. அதியமான்கோட்டையில் தனி வீடு. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றுபோனது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஊரில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். பேசிவிட்டுப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், மறுநாள் காலை அச்சகத்துக்குப் போகும்வரை வாயைத் திறக்க வேலை இருக்காது. சில திங்கட்கிழமைகளில் முதல் வார்த்தை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் மாரப்பன் வாத்தியார் என்னைத் தேடி வந்தார். ஏரிக்கரை மைதானத்தில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் பழகிய பையன்கள் பெங்களூரில் ஃபேக்டரி வாட்ச்மேன் வேலைக்குப் போனால், கம்பு தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்களாம்.

"ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போட்டர்றேன்" என்றார்.

ஒரே தாளாகச் செய்திருக்கலாம். நான்தான் ஐந்து படிகள் என்று யோசனை சொன்னேன். வாத்தியார் சிரித்தார். "படியாவது கிடியாவது. கம்பு புடிக்கத் தெரிஞ்சா தெரியும், இல்லீன்னா தெரியாது. அவ்வளவுதாங்க" என்றார். ஆனால் ஒருவன் ஐந்து முறை என் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

நல்ல வேலையாகவே செய்தேன். சேலத்திலிருந்து கெட்டி அட்டைத்தாள் வாங்கினேன். குறுக்கே வைத்த இரண்டு கம்புகளின் படத்தை அச்சு பிளாக் செய்து நடுவில் அச்சிட்டேன். பெயரை மட்டும் அச்சில் விடாமல் கையால் எழுதினேன். முதல் படிக்குப் பச்சை மை, அடுத்ததற்கு நீலம், இப்படிப் போய் ஐந்தாம் படிக்குச் சிவப்பு. நான்காம் படி வரை மைதானத்துக்குள் ஆடலாம். ஐந்தாம் படி வாங்கியவன்தான் திருவிழாவில் வேற்றூர்ச் சிலம்பப் பள்ளிக்காரர்களோடு மோதலாம். இதுவும் நான் எழுதிய விதிதான். இரண்டு வருஷத்தில் அது வாத்தியாருக்கே விதியாகிவிட்டது.

வியாகுலம் முதல் படிக்கு வந்தபோது அவன் பெயரை எழுத அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன். என் வயதுதான். கிணறு வெட்டும் வேலை. மற்றவர்கள் தாளை வாங்கியதும் கிளம்பிவிடுவார்கள். அவன் மை காயும்வரை உட்கார்ந்தான். காய்ந்த பிறகும் உட்கார்ந்தான். மறுநாள் ஒரு வேலையும் இல்லாமல் வந்தான். "சும்மாதான் வந்தேன், சவரி" என்றான். என் வீட்டுக்குச் சும்மா வந்த முதல் ஆள் அவன்தான்.

ஐந்து வருஷம் அப்படிப் போனது. மாலை ஆறு மணிக்கு வருவான், சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து போவான். ஒருநாள் அவன் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னான். கிணற்றில் வெடி வைத்தபோது கல் சில்லு தெறித்து அவனுடைய இடது கண்ணில் பட்டிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே பார்வை மங்கிக்கொண்டே போனது.

"இடது பக்கம் ஆள் வந்தா மசமசன்னுதான் தெரியுது. வாத்தியாருக்குத் தெரிஞ்சா கம்பத் தொட வுடமாட்டாரு. உன்கூடவே இருக்கட்டும்."

என்னுடனேயே இருந்தது.

அறுபத்தேழில் வாத்தியாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. மூத்த மாணவர்கள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கு எந்தப் படி என்று கேட்க நான் அவர் கட்டிலருகே போவேன். பெயரைச் சொல்வேன். அவர் தலையசைப்பார். அவர் மனைவி தீர்த்தம்மாள் அவருடைய கட்டைவிரலை மையில் தொட்டுத் தாளில் வைப்பார்.

மறு தை மாதம் வியாகுலம் பெங்களூரிலிருந்து வந்த ஒரு தாளோடு வந்தான். ஒரு ஃபேக்டரியில் காவல் வேலை. மாசி ஒன்றாம் தேதிக்குப் பின் ஒரு வாரத்துக்குள் சேர வேண்டும். நான்காம் படிச் சான்றிதழைப் பார்த்துத்தான் எடுத்தார்களாம்.

"ஆபீசரு அதக் கையில வச்சித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. யாரு எழுதுனதுன்னு கேட்டாரு. என் சிநேகிதன்னு சொன்னேன்" என்றான்.

அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான். நானும் நல்லது என்றுதான் சொன்னேன். அன்று அவன் சீக்கிரம் போய்விட்டான், துணி எடுத்து வைக்க வேண்டுமென்று. நான் விளக்கைக்கூட ஏற்றவில்லை.

அந்த வாரம் ஊர்த் திருவிழா. எங்கள் பள்ளியில் ஐந்தாம் படி ஆள் கருப்பண்ணன் ஒருவன்தான். அவனுக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது. மோத ஆள் இல்லையென்றால் பள்ளிக்குத் தலைகுனிவு என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் வாத்தியார் கட்டிலருகே போய் வியாகுலத்துக்கு ஐந்தாம் படி தரலாமா என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். பக்கவாட்டில் அசைத்தார். வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். தீர்த்தம்மாள் அடுப்படியில் இருந்தார். "சரின்னுட்டாருங்க" என்று குரல் கொடுத்தேன். அவர் வந்து விரலைப் பிடித்துத் தாளில் வைத்தார். வாத்தியாரின் வலது கையில்தான் உயிர் இல்லையே தவிர, கண்ணில் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வைகாசியில் இறந்துபோனார்.

நான் செய்ததிலேயே நேர்த்தியான தாள் அதுதான். வியாகுலம் அதை இரண்டு கையாலும் வாங்கினான். கண் கலங்கிவிட்டது.

"வாத்தியாரே சொன்னாரா?"

"அவரேதான்."

"கண்ணு இப்பிடி இருக்கயில எப்பிடிடா?"

"ஒருநாள் ஆட்டந்தான. அப்பறம் நீ பாட்டுக்குப் பெங்களூர் போயிருவ" என்றேன்.

எதிரே ஆடியவன் கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சென்றாயன். கெட்டிக்காரன், முரடன் இல்லை. மூன்றாவது சுற்றில் இடது பக்கமாகக் கம்பை வீசினான். வியாகுலம் அது வருவதைப் பார்க்கவில்லை. காற்றுச் சத்தம் கேட்டுத் தாமதமாகத் திரும்பினான். திரும்பியதால் கம்பு நுனியின் பித்தளைப் பூண் வலது கண்ணில் இறங்கியது. முதலில் ஓடிப்போய் அவனைத் தாங்கிப் பிடித்தவன் நான்.

அவனுக்கு இருந்த ஒரே உறவு தங்கை லூர்தம்மாள். காரிமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கண் தெரியாத அண்ணனை வைத்துப் பார்க்க மாமியார் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண் என் எதிரே நின்று அழுதது.

"அழுவாதம்மா. என் வூட்லயே இருக்கட்டும்" என்றேன்.

அவள் என் காலைத் தொட வந்தாள். நான் விடவில்லை.

ஐயா, அடுத்த ஒன்பது வருஷத்தைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அவனுக்கு ஒரு வேளைச் சோறு தவறியதில்லை. நான்தான் சவரம் செய்துவிட்டேன், நகம் வெட்டினேன். தினமும் பேப்பர் படித்துக் காட்டினேன். கையைப் பிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போனேன். ஊரில் என்னை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். மாலை நான் வேலை முடிந்து வரும்போது, வாசலுக்கு வெகுதூரம் முன்பே என் செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடித்து, "சவரியா?" என்று கேட்பான். நான் "ஆமா" என்பேன். அதற்கு முன் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை.

இனி கடிதம். அடிபட்ட மறு வருஷம் நானே அவனை வேலூருக்கு ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது கண் போனது போனதுதான் என்றார். இடது கண்ணை இன்னொரு பெரிய டாக்டரிடம் கலந்துவிட்டு எழுதுவதாகச் சொல்லி என் விலாசத்தை வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தமிழில்தான் இருந்தது. இடது கண்ணில் அடிபட்டதால் புரை விழுந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டால் நல்ல பார்வை வரும், எப்போது வேண்டுமானாலும் கூட்டி வரலாம், கூடிய சீக்கிரம் வந்தால் நல்லது என்று எழுதியிருந்தது.

வியாகுலம் எதிரே உட்கார்ந்திருந்தான். "என்ன போட்டுருக்குது?" என்றான்.

நான் எழுத்துக் கோக்கிறவன். வரிகளைத் தலைகீழாகப் படித்துப் பழகியவன். கடிதத்தைப் பார்த்தபடியே, நரம்பு போய்விட்டது, இனி வைத்தியத்தில் பலன் இல்லை, ஆண்டவரிடம் மன்றாடவும் என்று நிதானமாகப் படித்தேன். அவன் என் கையைத் தேடிப் பிடித்தான். பிறகு, "செரி வுடு. நீ இருக்கற இல்ல" என்றான்.

அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதிய தாளைக் கிழிக்க எனக்கு மனம் வராது.

போன வருஷம் லூர்தம்மாள் மாமியாரின் கண்ணைக் காட்ட அதே டாக்டரிடம் போயிருக்கிறாள். பேச்சுவாக்கில் அண்ணனைப் பற்றிச் சொல்ல, அவர்கள் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்து, கடிதம் போட்டோமே, ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது யாரும் "சவரியா?" என்று கேட்கவில்லை. உள்ளே அவன் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பையோடு பக்கத்தில் நின்றாள்.

"சவரி, அந்த வேலூர் லெட்டர் வச்சிருக்கறயா?"

"இருக்குது."

"எடுத்து இன்னொருக்கா படி."

எடுத்தேன். எட்டு வருஷம் முன்பு படித்தது ஒரு வார்த்தை மாறாமல் நினைவில் இருந்தது. லூர்தம்மாள் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த பெண். இருந்தாலும் நான் நிறுத்தவில்லை. ஆண்டவரிடம் மன்றாடவும் என்பது வரை படித்து முடித்தேன்.

"அப்பிடித்தான் இருக்குதா லூர்து?" என்றான்.

"இல்லண்ணா" என்றாள்.

அவன் எழுந்து என்னிடம் வந்தான். கையை நீட்டி என் முகத்தைத் தடவினான். என் இரண்டு இமைகள் மேலும் இரண்டு கட்டைவிரல்களை வைத்தான். கிணறு வெட்டிய கை, அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தான். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். நான் கையை நீட்டினேன், வாசற்படியில் ஒரு கல் தூக்கலாக இருக்கும். அவன் பிடித்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கேட்டது இத்துடன் முடிந்தது. கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். திருவிழா அன்று பெயர்ப் பட்டியல் எழுதும் பொறுப்பு என்னுடையது. சென்றாயன் பெயர் கொடுக்க வந்தபோது, "எங்க ஆளுக்கு இடது பக்கம் கொஞ்சம் மெதுவு" என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டுப் போனான். கை முறியும், இரண்டு மாதம் கட்டுப் போட்டுக் கிடப்பான், பெங்களூர் வேலை கைநழுவும் என்றுதான் நினைத்தேன். கண்ணை நான் நினைக்கவில்லை. இந்த வித்தியாசத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சென்றாயன் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஐந்தாம் படி, வாத்தியாரின் ரேகை, அந்த ஒரு வார்த்தை, கடிதம், நான்கும் நான் செய்தவை. இதை என் சுய புத்தியோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து அவனுக்கு இடது கண் நன்றாகத் தெரிகிறதென்றும், கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறானென்றும் நேற்று சொன்னீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்கும், அங்கிருந்து எங்கள் ஊருக்கும் அடிக்கடி பஸ் இருக்கிறது. இனி அவனைக் கைபிடித்துக் கூட்டி வர யாரும் தேவையில்லை, அவனாகவே ஏறி வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்தால் நான் எங்கும் போவதில்லை, வீட்டில்தான் இருப்பேன் என்று அவனிடம் சொல்லுங்கள்.