பனியில் எடுத்த அளவு

இல்ல சார், கேமராவ அங்கயே வைங்க, வெளிச்சம் போதும். மாட்டேன்னு சொல்லல. அளந்தது தப்புன்னு நான் வீடியோல சொல்லணும், அவ்வளவுதானே? சொல்றேன். கதவ எதுக்குத் தாழ் போட்டீங்க? சரி சரி, இருக்கட்டும். தூசி உள்ள வராது.



எதத் தப்புன்னு சொல்றோம்னு உங்களுக்கும் தெரியணும்ல. நாளைக்கு உங்க முதலாளி கேட்டா என்ன சொல்லுவீங்க? ஆங், உக்காருங்க.

இதான் காத்துல தூசி அளக்கற மீட்டர். சோப்பு டப்பா மாதிரி இருக்கா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. உள்ள ஒரு சின்ன விளக்கு எரியும், அது முன்னாடி காத்து போகும். தூசி பட்டு வெளிச்சம் சிதறும். எவ்வளவு சிதறுதுன்னு பாத்து இது ஒரு எண்ணு சொல்லும். தூசிய இது பாக்கறதே இல்ல சார், சிதறுற வெளிச்சத்தத்தான் பாக்குது. அங்கதான் நான் கோட்டை விட்டேன். உங்க ஜல்லி கிரஷருக்குப் பின்னால விடியகாலைல போய் நின்னேன். நல்ல பனி. பனித்துளியும் வெளிச்சத்தச் சிதறடிக்கும்ல? தண்ணியையும் தூசின்னு சேத்து எண்ணிடுச்சு. எண்ணு எகிறுது, எனக்குத் தல கால் புரியல. அன்னைக்கே வீடியோ போட்டுட்டேன்.

பேப்பர்ல வேலை பாத்தப்ப இப்படி நடக்காது. மேல ஒரு நியூஸ் எடிட்டர் இருந்தார், சிடுமூஞ்சி. பனியா வெயிலான்னு கேட்டே உயிர எடுத்திருப்பார். அவருக்கும் மேல ஒரு வக்கீல். இப்ப சொந்தச் சேனல், நிருபர் நான், கேமராமேன் நான், டீ வாங்கப் போறவனும் நான். எடிட்டர்னு பாத்தா என் சம்சாரம்தான். பனிக்கும் புழுதிக்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் ஒரு ரிப்போர்ட்டரான்னு கேட்டா. வீடியோ போட்டப்புறம் கேட்டா.

அவ எங்கயா? கடைக்குப் போயிருக்கா, வந்துருவா. பாப்பாவும் கூடப் போயிருக்கு. வந்ததும் வராததுமா பாப்பா ஸ்கூல் பேரு, வேன் டிரைவர் பேரு எல்லாம் கரெக்டா சொன்னீங்க சார். எதுக்குச் சொன்னீங்கன்னு புரியாம இல்ல.

இருங்க, இருங்க, முடிக்கலையே. அந்த வீடியோக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரல. காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கற மேடம் ஒருத்தங்க தெரியும். அவங்ககிட்ட பெரிய மீட்டர் ஒண்ணக் கடன் வாங்கினேன். காத்த முதல்ல காயவச்சு, அப்புறம் அளக்கற மீட்டர். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அதே இடத்துல மறுபடி அளந்தேன். உச்சி வெயில், பனி கினி எதுவும் இல்ல. வெறும் எண்ண மட்டும் சொன்னா அது அளவே இல்லன்னாங்க மேடம். எவ்வளவு தப்பா இருக்கலாம்னும் சேத்துச் சொன்னாத்தான் அளவாம். யோசிச்சா மனுஷன் பேச்சும் அப்படித்தான். சரின்னு, எவ்வளவு தப்பு இருக்கலாமோ அவ்வளவையும் உங்க முதலாளி பக்கமே தள்ளிப் பாத்தேன். அப்பவும் மூச்சுல இழுக்கக் கூடாத காத்துதான். அங்க குடியிருக்கறவங்க இழுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

பனில அளந்தது தப்புன்னு நான் சொன்னா அது உண்மைதான் சார். ஆனா கேக்கறவங்க காதுல தூசியே பொய்னுதான் விழும். அதுக்குத்தானே வந்துருக்கீங்க.

பயமாத்தான் இருக்கு, இல்லன்னு யாரு சொன்னா. இதுக்கு ஒரு மீட்டர் இருந்தா முள்ளு உடைஞ்சிருக்கும்.

ஆங், என் போன்தான். எடுக்கல, எடுக்கல. ஒரே ரிங்கு, கட் ஆயிடுச்சு பாருங்க. என் சம்சாரம்தான். கடைக்கெல்லாம் போகல சார். நீங்க முன்னாடி படியேறுறப்ப பாப்பாவத் தூக்கிட்டுப் பின்பக்கமா இறங்கினா. அண்ணன் வீட்டுக்குப் போறா. பஸ்ஸு ஊரத் தாண்டினதும் ஒரு ரிங் விடுன்னு சொல்லியிருந்தேன். அதுவரைக்கும் உங்ககிட்ட எதாவது பேசிக்கிட்டு இருக்கணும்ல.

கேமராவ ஆன் பண்ணுங்க. பனில அளந்ததையும் சொல்லுவேன், வெயில்ல அளந்ததையும் சொல்லுவேன். அப்புறம் உங்க இஷ்டம்.

கொஞ்சம் கால எடுத்துக்கங்க சார், சார்ஜர் ஒயர் மேல இருக்கு. மீட்டர்ல சார்ஜ் இறங்கிடுச்சு.