இருபத்துநான்கு வரை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் என்றால் இந்த டம்ளர் அந்தச் சுவரில் போய் மோதியிருக்கும், ஐயா. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இன்னும் நான்கு தழும்புகள் இருக்கின்றன. மனைவி அவற்றின் மேல் காலண்டர் மாட்டியிருக்கிறாள்.

அவள்தான் என்னை அந்த வகுப்புக்கு அனுப்பினாள். "ஒண்ணு நீங்க மாறணும், இல்ல நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். ஆண்களுக்கான மனமுதிர்ச்சிப் பயிற்சி; சனிக்கிழமை காலை, நூலகத்தின் மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு பதினோரு பேர் உட்காருவோம். மற்ற பத்துப் பேரைப் பற்றிச் சொல்லவே வாய் கூசுகிறது. ஒரு பல் மருத்துவர் வாராவாரம் அப்பாவை நினைத்து மூக்கைச் சிந்துவார். வீட்டுக்குப் போய் மனைவியை ஏசுவார். அடுத்த வாரம் அதையும் சொல்லி அழுவார். இன்னொருவர் வாத்தியார், வகுப்பில் கொடுத்த நோட்டில் ஒரு வரி எழுதியதில்லை, பிஸ்கட்டுக்காக வந்தார். நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பயிற்சியாளர் சொன்னதில் முக்கியமானது ஒன்றுதான். யாராவது கத்தினால் உடனே எதுவும் செய்யாதே. மூன்று முறை மூச்சு விடு. ஒவ்வொன்றுக்கும் எட்டு எண்ணு. அதற்குப் பிறகு யோசி. ஆறே மாதத்தில் எனக்கு அது கைவந்துவிட்டது. மற்றவர்களுக்கு நான்தான் முன்மாதிரி என்று அவரே சொன்னார்.

வீட்டில் சத்தம் நின்றது. அதாவது, என் சத்தம். மனைவி கத்துவாள், அழுவாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே எண்ணுவேன். முடித்துவிட்டு, "உன் உணர்ச்சியை நான் மதிக்கிறேன்" என்பேன். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இவ்வளவு மாறியதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

என் மச்சான், அவள் அண்ணன், எனக்கு நேர்மாறு. பதினான்கு வருடங்களாக நாங்கள் இருவரும் சேர்ந்து லிஃப்ட் பழுதுபார்த்தோம். அவர் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். திட்டுவார், ஐந்து நிமிடத்தில் தோளில் கையைப் போட்டு டீக்குக் கூப்பிடுவார். ஐம்பது வயதில் இப்படி ஒரு மனிதர். என் மூச்சுப் பயிற்சியைப் பார்த்து, "என்ன மாப்ள, டயர்ல காத்து இறங்குதா?" என்று சிரிப்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லிஃப்டின் அடியில் சத்தம் வந்தால், நான் பெட்டியின் கூரைமேல் நின்று அதை மெதுவாக இறக்குவேன். அவர் லிஃப்ட் ஓடும் பாதைக்கு அடியில் இருக்கும் குழியில் நின்று பார்ப்பார். குழியில் ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. அதைத் தட்டிவிட்டால் லிஃப்ட் அசையாது. மச்சான் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. "நில்லு" என்று கத்துவார், நான் நிறுத்துவேன். "நீ மேல இருக்கப்ப எனக்கெதுக்கு மாப்ள சுவிட்ச்?" என்பார். ஒருமுறை அவர் சட்டை எதிலோ சிக்கிக்கொண்டது. அவர் வாயைத் திறந்ததுமே நிறுத்திவிட்டேன். பிறகு குழிக்குள் இறங்கி அவரைக் கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டினேன். அது வகுப்புக்கு முந்தைய காலம். அவ்வளவு பக்குவமில்லாதவனாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, அந்தத் துணிக்கடைக் கட்டடத்தில், குழிக்குள் இறங்குவதற்கு முன் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கமில்லாத வழக்கமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, தங்கச்சிய சாயந்திரம் எங்க வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன். நீ கத்தினப்பகூட அவளுக்கு இவ்வளவு பயம் இல்லையாம். இப்ப நீ பாக்குற பார்வைதான் பயமா இருக்காம்."

"சரி மச்சான். அது அவ முடிவு."

"கோபம்னா என்னை நாலு வார்த்தை திட்டிடுடா. மனசுல வச்சுக்காத."

வகுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர் எனக்கு அறிவுரை சொல்கிறார். காது மட்டும் கொஞ்சம் சூடானது. நான் கூரைமேல் ஏறினேன்.

இறக்கிக்கொண்டிருந்தபோது "நில்லு" என்றார். கால் எங்காவது மாட்டியிருக்க வேண்டும். மறுபடியும் கத்தினார். ஒருவர் என்னைப் பார்த்துக் கத்துகிறார். நான் கற்றுக்கொண்டதைச் செய்தேன். உடனே எதுவும் செய்யவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் ஏட்டு இதை விபத்தாக்கப் பார்க்கிறார். "பொத்தானை அமுக்கக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அதானே?" என்று எனக்கே எடுத்துக்கொடுக்கிறார். நல்ல மனிதர், ஆனால் இயந்திரம் தெரியாதவர். கூரைமேல் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் லிஃப்ட் நகரும். விரலை எடுத்தால் அப்படியே நின்றுவிடும். நிறுத்துவதற்கு எதையும் அழுத்த வேண்டியதில்லை.

எட்டு எண்ணும்போது "மாப்ள" என்றார். பதின்மூன்றுக்குப் பிறகு சத்தம் வரவில்லை. இருபத்துநான்கு வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் விரலை எடுத்தேன். எதையும் பாதியில் விடுகிறவன் பழைய நான்.