கிணற்றுப் புட்டி

தண்ணீர் எடுப்பதில் அவசரமே கூடாது. புட்டியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். நிரப்பிய கையோடு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். வயலுக்குப் போட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாக மண்ணுக்குள் இறங்கும். அது எங்கே போகிறது என்று பார்க்க, பத்தொன்பது வருஷமாக ஒரு வாரம் தவறாமல் எங்கள் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையின் வடிகாலிலும் ஊழியர் குடியிருப்புக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்தவன் நான்.

பதினாறாவது வருஷம் அவன் ஆய்வாளனாக வந்தான். என் எண்களை வைத்து வரைபடத்தில் ஒரே ஒரு கோடு போட்டான். "இன்னும் ரெண்டு வருஷத்துல உரம் கிணத்துக்கு வந்துரும்." இயக்குநர் கூட்டம் போட்டுப் பாராட்டினார். அவன் என் தோளைத் தொட்டு, "எல்லாம் நீங்க எடுத்த தண்ணிதாண்ணே," என்றான். மனதாரத்தான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவன் சொன்னபடியே எண் ஏறத் தொடங்கியது. நான் எந்த எண்ணையும் திருத்தவில்லை. கிணற்றுப் புட்டியில் மட்டும் கொஞ்சம் வடிகால் சேற்றைப் போட்டு, வண்டியின் பின்கண்ணாடி ஓரம் வெயிலில் வைத்தேன். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டில் நைட்ரேட்டைத் தின்றுவிடும். மூன்று நாள் கழித்து வடிகட்டி ஆய்வகத்தில் கொடுப்பேன்.

"என்ன ஜோசியரே, உரம் வழியில தூங்கிருச்சா?" என்று ஆய்வகப் பெண் அவனைக் கேலி செய்தாள்.

அவனும் சிரித்தான். "தண்ணி சொல்றதுதான் சரி. நான்தான் தப்பு."

அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் அவனுக்குக் குழந்தை பிறந்தது. குடியிருப்பில்தான் இருந்தான். "அண்ணே, தாய்ப்பால் பத்தல. கிணத்துத் தண்ணியில பவுடர் கலக்கலாமா? நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுப்போம்."

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் சுண்டும். நைட்ரேட் அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். பச்சைக் குழந்தையின் ரத்தத்தை அது பிராணவாயு சுமக்க விடாது. இது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"நம்ம அட்டவணையைப் பாருப்பா," என்றேன்.

பார்த்தான். "கம்மியாத்தாண்ணே இருக்கு," என்று நிம்மதியாகப் போனான்.

ஒன்பதாம் நாள் குழந்தையின் உதடு நீலமானது. பதினொன்றாம் நாள் குழந்தை இல்லை. மருத்துவமனை தானே ஆள் அனுப்பிக் கிணற்று நீரைச் சோதித்தது. அவன் கணக்கிட்ட அளவுதான் இருந்தது.

நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் துக்கம் கேட்கப் போகிறவர்கள்கூட அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னைக்கே சொன்னீங்களே," என்கிறார்களாம். பாருங்கள், இப்போதும் பேர் அவனுக்குத்தான்.