கஞ்சித் தொட்டி மூடிய பிறகு

மழை பொய்த்த வருஷம். மதுராந்தகத்திலிருந்து கடப்பாக்கம் போகும் பகல் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு மிராசுதார்கள், மாமனும் மச்சானும்.

"சர்க்காரு கஞ்சித் தொட்டிய மூடி பத்து நாளாச்சு மச்சான். சட்டி வரிசை மட்டும் அப்படியே கீது," என்றார் மாமன்.

"நாமதான மனு குடுத்து மூட வெச்சோம்? சும்மா கஞ்சி ஊத்துனா கூலிக்கு எவன் வருவான்? இடம் புடிக்க வெச்ச சட்டிய மறந்துட்டுப் போயிருப்பானுங்க."

"மறக்கல. ஆளு ஒருத்தரும் கண்ணுல படல. ஆனா தெனம் காலையில பாத்தா வரிசை நவுந்து கீது. மொதல்ல சாவடிகிட்ட இருந்துச்சு. அப்பறம் கோயில் தெரு. இன்னிக்கு என் வூட்டு வாசல்."

"இன்னா மாமா, ஒதைச்சு ஒடைக்க வேண்டியதுதான?"

"ஒடைக்கத்தான் போனேன். எல்லாம் மண் சட்டி. கடைசியா நின்னது மட்டும் பித்தளைச் சொம்பு. என் பேரு வெட்டின சொம்பு. நெல்லு ரூம்புல வெச்சுப் பூட்டினது."

"சாவி யாருகிட்ட கீது?"

அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்கிட்டதான்."